மங்குப் பாலும் மதிய நிழலும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோட்டத்து வாசனைதான். சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த பால்மரக் காடெல்லாம், அதாவது ரப்பர் தோட்டமெல்லாம், செம்பனையாக மாறி வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் கேள்விகள் மட்டும் பால்மரத்தை விட்டு நகர மாட்டேன் என்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். பாடப்புத்தகத்து அறிவியலை எங்கோ தூரத்து ஆய்வுக்கூடத்தில் நடப்பதாகவே நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நம் அம்மாமார் அதையே விடியற்காலையில் கையால் செய்துவிட்டு வந்து சோறாக்கியிருக்கிறார்கள். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

டீச்சர், எஸ்.பி.எம். தேர்வின் வேதியியலுக்காக ரப்பர் பால் உறைவதை மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் புரியவில்லை. ஆசிட் ஊற்றினால் ஏன் உறைகிறது? ஊற்றாமல் விட்டாலும் மறுநாள் உறைந்துவிடுகிறதாமே, அது எப்படி?
*படிவம் 5 மாணவன், கோலகங்சார்*

தம்பி, நீ இருக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததே பொருத்தம். 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் நிற்கிறது. பார்த்திராவிட்டால் இந்த வாரமே போய்ப் பார்.

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு பால் ஸ்டோருக்குப் போவேன். பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தகரத் தட்டுகளில் ஊற்றி, அளந்த ஆசிட்டை விட்டுத் தட்டையான கட்டையால் மெதுவாகக் கலக்குவார்கள். மேலே வரும் நுரையை வழித்து எடுத்துவிட்டால் பால் சும்மா கிடக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாது. அப்புறம் தட்டின் ஓரத்தை விரலால் தட்டினால் அலை எழும்பாது, மொத்தமும் தோஃபு மாதிரி ஒருதரம் குலுங்கும். அந்தக் குலுக்கலைப் பார்க்கவே நான் நின்றுகொண்டிருப்பேன்.

என்ன நடந்தது என்றால், மங்கில், அதாவது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பர், கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடித் துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒரு புரத உறை, அந்த உறையின் மேல் எதிர்மின்னூட்டம். எல்லாத் துகளும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், கிட்ட வராது, அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது. ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. அவை போய் உறையின் எதிர்மின்னூட்டத்தைச் சரிக்கட்டிவிட்டால் தள்ளும் விசை போய்விடும், துகள்கள் மோதிக்கொள்ளும், உறை கிழியும், உள்ளே சுருண்டிருந்த நீளநீளமான ரப்பர் பாலிமர்கள் வெளியே வந்து இடியாப்பம் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதுதான் உறைதல்.

ஆசிட் ஊற்றாத பாலில் அந்த வேலையைப் பாக்டீரியா செய்கிறது. காற்றிலிருந்தும் கழுவாத மங்கிலிருந்தும் வந்து சேரும் பாக்டீரியா, பாலில் உள்ள சர்க்கரை, புரதம் எல்லாவற்றையும் தின்று தானே அமிலம் சுரக்கும். பசும்பால் தயிராவதும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், மெதுவாக நடக்கும், அதனால் மறுநாள் காலையில்தான் மங்கில் கட்டிப்பாலைப் பார்ப்பாய். பாலை உறையவிடாமல் வைக்க அம்மோனியா கலப்பார்கள். அதன் ஹைட்ராக்சைடு அயனிகள், பாக்டீரியா சுரக்கும் அமிலத்தை அவ்வப்போது தீர்த்துவிடும், துகள்கள் எதிர்மின்னூட்டத்தோடு விலகியே இருக்கும். அம்மோனியா ரப்பரோடு வினைபுரிகிறது என்று பிள்ளைகள் அடிக்கடி எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அது வினைபுரிவது அமிலத்தோடு. இதை மட்டும் மறக்காதே.

இன்னொன்று. ஸ்டோரில் ஊற்றிய ஆசிட் ஃபார்மிக் அமிலம். லத்தீனில் எறும்புக்கு ஃபார்மிகா என்று பெயர், அதிலிருந்து வந்தது. மரத்தில் ஏறும்போது முசுறு கடித்துச் சுரீர் என்று எரியுமே, அதுவும் இதே அமிலம்தான்.

முப்பது வருஷம் பால் வெட்டினேன். விடியுமுன் எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போக வேண்டும், கொஞ்சம் நேரமானால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்துவார். பகலில் வெட்டினால் என்ன குறைந்துவிடும் என்று அப்போது கேட்கத் துணிச்சலில்லை. இப்போது உங்களைக் கேட்கிறேன்.
*ஒரு வாசகி, பீடோர்*

அம்மா, கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மண்டோருக்காக எழுந்ததாக நினைத்தீர்கள். உண்மையில் மரம் கேட்ட நேரத்துக்குத்தான் எழுந்திருக்கிறீர்கள்.

பகலில் மரத்தின் இலைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வேர் உறிஞ்சுவதைவிட இலை விடுவது அதிகம், அதனால் மரத்துக்குள் அழுத்தம் இறங்கிவிடும். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், வேர் மட்டும் நிற்காமல் உறிஞ்சும். விடியற்காலையில் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் விம்மிப்போய் நிற்கும். இதை விறைப்பழுத்தம் என்று படிவம் 4 உயிரியலில் படிக்கிறார்கள். அந்த நேரத்தில் பால் குழாயில் இருக்கும் அழுத்தம் பத்து வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டும், கார் டயரில் அடைக்கும் காற்றைப்போல நாலைந்து மடங்கு. அப்போது கத்தி பட்டால் பால் சொட்டாது, வழியும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் குறையும், அதே மரம், அதே கை, அதே கத்தி, ஆனால் மங்கு நிறையாது.

கொஞ்ச நேரத்தில் பால் தானாகவே நின்றுவிடுமே, அதற்கும் காரணம் உண்டு. பாலில் லூட்டாய்டு என்ற சின்னப் பைகள் இருக்கின்றன. வெட்டுவாயில் அவை உடையும்போது உள்ளிருந்து வரும் பொருள் ரப்பர் துகள்களை ஒட்டவைத்துக் குழாய் வாயை அடைத்துவிடும். நம் விரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து நிற்பது மாதிரி, மரமும் தன் காயத்தை மூடுகிறது. மறுநாள் வெட்டு போடும் முன் நீங்கள் இழுத்தெடுத்த ஒட்டுப்பால் அதுதான்.

இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்த்து வெட்டச் சொன்னதும் வெறும் பழக்கம் கிடையாது. பால் குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை, மரத்தைச் சுற்றி லேசாக முறுக்கிக்கொண்டு ஏறுகின்றன. அந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆழமாகப் போய்விட்டால் குழாய்களுக்கு உள்ளே இருக்கும் கேம்பியம் காயப்படும், பட்டை மறுபடி சீராக வளராது, முண்டு முண்டாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும், அந்த இடைவெளியில் கத்தியை நிறுத்த வேண்டும், அதுவும் விளக்கு வெளிச்சத்தில். ரிட்லி என்ற தாவரவியல் அறிஞர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1888இல் பொறுப்பேற்று, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவும் முறையைப் பரிசோதித்து நிறுவினார். நீங்கள் முப்பது வருஷம் அதைக் கையில் வைத்திருந்தீர்கள், அம்மா. பேரப் பிள்ளைகளிடம் அந்தக் கை நடுங்காமல் நின்ற கதையைச் சொல்லுங்கள்.

பொட்டலம் கட்டிவரும் ரப்பர் பேண்டைச் சேர்த்து வைத்தால் சில மாதத்தில் பிசுபிசுத்துப் போகிறது, சிலது நொறுங்குகிறது. ஏன்?
*ஒரு வாசகர், தாப்பா*

ரப்பர் பாலிமரில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் அந்த இடங்களைத்தான் தாக்கும், வெயிலும் சூடும் கூடச் சேர்ந்தால் இன்னும் வேகம். நீளச் சங்கிலி அறுந்து துண்டானால் பிசுபிசுக்கும், சங்கிலிகளுக்கு நடுவே புதுக் கட்டுகள் கூடிப்போனால் விறைத்து நொறுங்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தாரே, அந்தக் கந்தகக் கட்டுகள் அளவோடு இருந்தால்தான் இழுத்துவிட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பும். மூடிய டப்பாவில், ஜன்னலோரம் இல்லாமல் வையுங்கள், கூடக் கொஞ்ச நாள் தாங்கும்.

கல்யாணமாகி ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருக்கிறேன். இங்கே பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, சமையல் எண்ணெயும் காலையில் அடியில் வெள்ளையாகக் கட்டுகிறது. எண்ணெயில் கலப்படமா?
*ஒரு வாசகி, கேமரன் மலை*

கலப்படம் இல்லைம்மா, பயப்படாதீர்கள். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள். அவற்றின் கார்பன் சங்கிலி நேராக, விறகுக் கட்டை மாதிரி இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும், குளிர் பட்டால் சீக்கிரம் கட்டியாகும். நிறைவுறாத அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைந்திருக்கும், வளைந்த விறகை அடுக்க முடியாது, அதனால் அவை திரவமாகவே நிற்கும். ஆலையில் கட்டியாகும் பகுதியைப் பெரும்பாலும் பிரித்துவிட்டுத்தான் புட்டியில் அடைக்கிறார்கள், ஆனாலும் மலையின் இரவுக் குளிரில் மிச்சம் இருப்பது உறைகிறது. புட்டியை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் தெளிந்துவிடும்.

பருப்பு விஷயம் காற்றழுத்தம். உங்கள் மலையில் இருக்கும் தானா ராத்தா ஊர் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் கனம் குறைவு, தண்ணீரை அழுத்திப் பிடிக்க ஆளில்லை, அதனால் அது 95 பாகையிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் அதிகமாகப் போகும், கேஸ் வீண். குக்கர் வாங்குங்கள். மூடிய குக்கருக்குள் அழுத்தம் கூடிக் கொதிநிலை 120 பாகை வரைக்கும் போகும், நாலைந்து விசிலில் பருப்பு குழைந்துவிடும்.

காட்டை வெட்டித் தோட்டம் போட்ட பிறகுதான் காய்ச்சல் வந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்று என் தாத்தா சொல்வார். காட்டை வெட்டினால் கொசு குறையத்தானே வேண்டும்?
*ஒரு வாசகர், கிள்ளான்*

உங்கள் ஊரைத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கு அடையாளமாக, கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அதற்குச் சில வருஷம் கழித்து, 1901இல், மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். ஊரே காய்ச்சலில் கிடந்தது. சதுப்பை வடிகட்டி, காட்டை வெட்டியதும் காய்ச்சல் இறங்கியது. கடலோரச் சமவெளியில் இது பலித்தது. அதே வேலையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது தலைகீழாகிவிட்டது, காய்ச்சல் கூடியது. தாத்தா அந்தப் பக்கத் தோட்டத்தில் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

காரணம், இரண்டும் வேறு வேறு கொசு. சமவெளியில் நோயைப் பரப்பிய அனோஃபிலிஸ் அம்ப்ரோசஸ், நிழல் விழும் தேங்கிய சதுப்பு நீரில் முட்டையிடும். நிழலை எடுத்துவிட்டால் அதற்கு வீடில்லை. மலைப் பகுதியில் இருந்த அனோஃபிலிஸ் மாக்குலேட்டஸுக்கு வெயில் படும் தெளிந்த ஓடையும் ஊற்றும்தான் வேண்டும். மரத்தை வெட்டி ஓடைகளுக்கு வெயில் காட்டியதும் அதற்குக் கொண்டாட்டம். லயத்துக்குக் குடிதண்ணீர் வேண்டுமே என்று அந்த ஓடைக்குப் பக்கத்தில்தான் வீடுகளையும் கட்டியிருந்தார்கள். பிற்பாடு ஊற்று நீரை மண்ணுக்கடியில் குழாய் போட்டு ஓட்டியும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் அடக்கினார்கள். கொசு என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்தக் கொசு என்று கேட்க வேண்டும். சூழலியலில் இதைவிட நல்ல பாடம் நம் நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் நம் ஆட்கள்.

இப்போதைய பயம் டிங்கி. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஓடை வேண்டாம், சதுப்பு வேண்டாம், ஒரு மங்குத் தண்ணீர் போதும். கைவிட்ட பால்மரக் காட்டில் கம்பியில் தொங்கும் மங்குகளில் மழைநீர் நிற்கிறதே, ஒரு மங்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், வளைந்து நெளிந்து துள்ளும் புழுக்கள் தெரியும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, காய்ந்த மங்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

பால் வெட்டும்போதும் செம்பனைக் குலை அறுக்கும்போதும் இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்கலாமா?
*ஒரு வாசகர், தெலுக் இந்தான்*

கூடாது. மரத்துக்குள் இருக்கும் ஈரத்தின் வழியாக மின்னல் இறங்கும்போது அந்த நீர் ஒரு நொடிக்குள் ஆவியாகி மரத்தையே பிளந்துவிடும், பக்கத்தில் நிற்பவர் மேலும் தாவும். ஒளி நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் போகிறது, ஒலி சுமார் 340 மீட்டர்தான். அதனால் மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், வேலையை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். குலை அறுக்கும் நீள அலுமினியக் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு திறந்தவெளியில் நடக்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். குலை எங்கும் ஓடிவிடாது.

பத்துமலைக் குகையில் விழுது மாதிரிக் கல் தொங்குகிறதே, அது வளருமா?
*ஆறாம் ஆண்டு மாணவி, ரவாங்*

வளரும் கண்ணு, ஆனால் உன் பொறுமைக்கு எட்டாத வேகத்தில். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, அது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு கசிகிறது. குகைக் கூரையில் சொட்டாகத் தொங்கும்போது வாயு வெளியேறிவிட, கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்துவிடுகிறது. அந்தக் கல்லே ஒரு காலத்தில் கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து உண்டானதுதான். முட்டை ஓடும் அதே கால்சியம் கார்பனேட். ஓட்டின் மேல் வினிகர் விட்டுப் பார், பொங்கும். குகையில் விழுதைத் தொடாதே, கை எண்ணெய் பட்டால் சுண்ணாம்பு படிவது தடைப்படும்.

பாடப்புத்தகத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சியில் என்று போட்டிருக்கிறது. எங்கள் பள்ளித் திடலில் பன்னிரண்டு மணிக்கு நிழல் நீளமாகவே விழுகிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள், என்ன சொல்வது?
*தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்*

பிள்ளைகள் சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

நம் கடிகாரம் 120 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, அது பிலிப்பைன்ஸ் பக்கம் போகிறது. சுங்கை சிப்புட் இருப்பது 101 பாகையில். பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிஷம், பத்தொன்பது பாகைக்கு எழுபத்தாறு நிமிஷம். அதனால் நமக்கு உண்மையான உச்சிப்பொழுது ஒன்றே கால் மணியை ஒட்டித்தான் வரும். முன்பு தீபகற்பத்தில் கடிகாரம் அரை மணி பின்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க 1982 ஜனவரி 1 முதல் முன்னால் தள்ளி வைத்தார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருட்டில் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சிப்பொழுதிலும் எல்லா நாளும் நிழல் மறையாது. சூரியன் மார்ச் 20 வாக்கில் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வந்து வடக்கே நகரும், நம் ஊர் ஏறக்குறைய 4.8 பாகை வடக்கே இருப்பதால் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் கழித்து நம் தலைக்கு நேராக வரும். திரும்பித் தெற்கே போகும்போது இன்னொரு தரம். அப்படி வருஷத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 2 வாக்கில் ஒன்று, செப்டம்பர் 10 வாக்கில் ஒன்று. ஜொகூர்பாருவில் மார்ச் 24ஐ ஒட்டி வந்துவிடும், அலோர் ஸ்டாரில் ஏப்ரல் 5 வரை காத்திருக்க வேண்டும்.

அந்த நாளில் மேகம் இல்லாவிட்டால் பிள்ளைகளை ஒரு மணிக்கே திடலில் நிறுத்துங்கள். ஒரு மைலோ டின்னைச் சமதரையில் நிமிர்த்தி வைத்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வையுங்கள். ஏப்ரலில் ஒன்று பத்தொன்பது வாக்கில் டின்னைச் சுற்றி நிழலே இருக்காது, கொடிக்கம்பத்தின் நிழல் அதன் அடிக்குள் போய்விடும், பிள்ளைகள் தங்கள் நிழலை மிதித்துக்கொண்டு நிற்பார்கள். செப்டம்பரில் அது ஆறேழு நிமிஷம் முன்னதாகவே வந்துவிடும். பூமியின் சுற்றுப்பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் வரும் வித்தியாசம் அது. இரண்டு நாளும் எழுதிய நேரத்தை எனக்கு அனுப்பிவையுங்கள், பிள்ளைகளின் கையெழுத்திலேயே.